செனைக்குதிரையில் சவாரி போகலாம். முதலில் ஸ்கேன் பாருங்கள்

சவாரி போனதால்தான் குட்டி விழுந்தது என்று எங்கள் சொந்தபந்தத்தில் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். பொம்பளை ஏறி ஓட்டினால் இப்படித்தான் ஆகும் என்று கூடவே ஒரு வார்த்தையும் சேர்த்துக்கொள்கிறார்கள். முகத்துக்கு நேராகச் சொன்னவர்களுக்கு அங்கேயே பதில் சொல்லிவிட்டேன். முதுகுக்குப் பின்னால் சொல்கிறவர்களுக்காகவும், நாளைக்கு இதே பழியைக் கேட்கப்போகிற குதிரைக்காரர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

எங்கள் பவளம் எட்டாம் மாதத்தில் போட்டது இரட்டைக் குட்டி. குதிரைக்கு இரட்டை தங்காது. நான் ஏறினாலும் தங்காது, லாயத்திலேயே கட்டிப்போட்டிருந்தாலும் தங்காது. ஆரம்பத்தில் ஒரே ஒரு ஸ்கேன் பார்த்திருந்தால் ஒரு குட்டியாவது உயிரோடு கிடைக்க வழி இருந்தது. அந்த ஸ்கேன் வேண்டாம் என்று தடுத்தவர்களில் சிலர்தான் இன்றைக்குச் சேணத்தின் மேல் பழி போடுகிறார்கள்.

ஸ்கேன் எதுக்குங் அம்மிணி?

பவளத்தை அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடிச் சந்தையில் வாங்கினோம். சிவப்பு மார்வாரி. ரேவால் நடையில் விட்டால் முதுகு குலுங்காது. தோப்பு வாய்க்கால் மேட்டில் காலையில் ஒரு சுற்றுப் போய்விட்டு வந்தால்தான் எனக்கு அன்றைய வேலை ஓடும். ஒரு தரகர் மூலமாக நல்ல ஆண்குதிரை ஒன்று பார்த்துப் பொலிக்கு விட்டோம்.

"பதினஞ்சு நாள்ல டாக்டரக் கூப்பிட்டு ஸ்கேன் பாத்தரலாமுங்களா?" என்று தரகரிடம் நான்தான் கேட்டேன்.

"ஸ்கேன் எதுக்குங் அம்மிணி? மறுபடி பருவத்துக்கு வரலைன்னா செனைதான். கைய உட்டுப் பாக்கறேன்னு புடிச்சதையும் கலைச்சுப் போடாதீங்க" என்றார் அவர். மாமனாரும், "அவங்க சொல்றது சரிதான் கண்ணு. நம்ம மாட்டுக்கெல்லாம் ஸ்கேன் பாத்தா செனை புடிச்சுது?" என்றார். வீட்டில் எல்லாரும் அந்தப் பக்கம் சாய்ந்தபின் என் பேச்சு எடுபடவில்லை.

பருவத்துக்கு வரவில்லை என்பது செனையாக இருக்கலாம் என்று மட்டும்தான் சொல்லும். உள்ளே இருப்பது ஒன்றா இரண்டா என்று சொல்லாது. இந்த ஒரு விஷயத்தை அந்தத் தரகர் இத்தனை வருட அனுபவத்தில் தெரிந்துகொள்ளவில்லை என்பதை என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை.

ஏழாம் மாதத்தில் மடி இறங்கிவிட்டது. காம்பிலிருந்து பாலும் சொட்டியது. "மடியப் பாருங்க, என்ன செழிப்பு!" என்றார் அதே தரகர். குட்டி போட இன்னும் 4 மாதம் இருக்கும்போது மடி இறங்குவது செழிப்பு இல்லை, ஆபத்துக்கு அறிகுறி. பெரும்பாலும் உள்ளே இரட்டை இருக்கும். இல்லாவிட்டால் நஞ்சுக்கொடியில் சீழ் பிடித்திருக்கும். நான் டாக்டரைக் கூப்பிட்டேன். இரட்டையாக இருக்கலாம் என்று அவர் சந்தேகப்பட்டார். ஆனால் அந்தக் கட்டத்தில் ஒன்றை மட்டும் எடுத்து இன்னொன்றைக் காப்பாற்ற வழி இல்லை. அப்போது நான் சேணம் இறக்கிப் பல வாரம் ஆகியிருந்தது. பழி சொல்கிறவர்கள் இதையும் மறந்துவிடுகிறார்கள்.

ஒருநாள் விடிகாலையில் லாயத்தில் இரண்டும் கிடந்தன. ஒன்றுக்குப் பிடரியில் ரோமம் தொடங்கியிருந்தது. மற்றது அதில் பாதிகூட இல்லை. வற்றிப் பழுப்பேறி, முன்பே செத்துப்போனது. டாக்டர் வந்ததும் தார்ப்பாய் கேட்டார். நஞ்சுக்கொடிகளைக் கழுவி, வெளிப்புறம் மேலே வரும்படி விரித்தார். முழுக்க வெல்வெட் துணி போலச் சிவப்பாகச் சொரசொரவென்று இருந்தது. நடுவில் ஓரிடம் மட்டும் வெளுத்து, வழவழப்பாக இருந்தது. இரண்டு கொடியிலும் அதே மாதிரி ஓரிடம். ஒன்றோடொன்று வைத்துக் காட்டினார், சரியாகப் பொருந்தியது.

"இந்த எடத்துல ரெண்டு கொடியும் ஒண்ணு மேல ஒண்ணு ஒட்டிட்டு இருந்திருக்குது. கர்ப்பப்பைச் சுவரத் தொடவே இல்லை. தொடாத எடத்துல சத்து எடுக்க முடியாதுங்கம்மா" என்றார்.

மாமனார் பக்கத்தில் நின்று பார்த்தார். அன்றைக்குப் பிறகு அவர் சவாரியைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. பார்க்காதவர்கள்தான் பேசுகிறார்கள்.

குதிரை வேறு, ஆடு வேறு

வெள்ளாடு இரண்டு மூன்று குட்டி போட்டு வளர்ப்பதைப் பார்த்த கண்ணுக்கு, குதிரை இரட்டை சுமப்பது அதிர்ஷ்டமாகத் தெரியும். ஆட்டுக்கும் மாட்டுக்கும் கொடி அங்கங்கே மொட்டு மொட்டாகத்தான் கர்ப்பப்பையில் ஒட்டும். குதிரைக்கு அப்படி இல்லை. கர்ப்பப்பையின் உள்சுவர் முழுவதையும் ஒரே குட்டியின் கொடி பிடித்துக்கொள்ள வேண்டும். அப்போதுதான் 11 மாதத்துக்கு அதற்குச் சத்துப் போதும். இரண்டு வந்தால் இடத்துக்குப் போட்டி. சிறியது முதலில் சாகும், பிறகு பெரியதும் போகும். ஏழு, எட்டு, ஒன்பதாம் மாதங்களில் இரட்டை விழுவது இதனால்தான். மாதம் நிறைந்து இரண்டும் உயிரோடு பிழைப்பது மிக அபூர்வம்.

இதைத் தடுக்க ஒரு சின்ன இடைவெளி இருக்கிறது. முட்டை வெளிவந்து 16 நாள் வரை குதிரையின் கரு ஓரிடத்தில் நிற்பதில்லை, கர்ப்பப்பைக்குள் நகர்ந்துகொண்டே இருக்கும். 14ஆம் நாளில் ஸ்கேன் திரையில் சுமார் ஒன்றரை சென்டிமீட்டர் கறுப்பு வட்டமாகத் தெரியும். இரண்டு வட்டம் தெரிந்தால், அவை பிரிந்து நிற்கும்போதே கைதேர்ந்த மருத்துவர் ஒன்றை மட்டும் அழுத்தி உடைத்துவிடுவார். மற்றது பெரும்பாலும் தங்கிவிடும். 16 நாள் தாண்டி இரண்டும் கர்ப்பப்பையின் ஒரே கொம்பில் ஒட்டி நின்றுவிட்டால் பிரிப்பது கஷ்டம். 35 நாளுக்கு மேல் போனால் இன்னொரு சிக்கல். கர்ப்பப்பையில் உருவாகும் சில திசுக்கள் ஹார்மோன் சுரக்க ஆரம்பித்துவிடும். பிறகு செனை கலைந்தாலும் குதிரை சில மாதங்களுக்குச் சரியான பருவத்துக்கு வராது. அந்த வருடமே போய்விடும்.

ஆகவே 14 முதல் 16 நாளுக்குள் முதல் ஸ்கேன். இரண்டாவது முட்டை ஓரிரு நாள் தாமதித்து வந்திருந்தால் அதன் கரு முதல் தடவை கண்ணில் படாமல் போகலாம். அதனால் 25 முதல் 30 நாளுக்குள் மறுபடி பாருங்கள். அப்போது குட்டியின் இதயத் துடிப்பும் தெரியும். 60ஆம் நாள் சுமாருக்கு மூன்றாவது. மாட்டுக்குப் பார்க்கும் அதே மெஷின்தான், ஆனால் குதிரை பார்த்துப் பழகிய கை வேண்டும். ஸ்கேனுக்காக ஆசனவாய் வழியாகக் கைவிட்டுப் பார்ப்பதால் செனை கலைவதில்லை. குதிரை முரண்டு பிடித்து ஆசனவாய்க் குடல் கிழிவதுதான் உண்மையான ஆபத்து. அதற்குத்தான் குதிரையை அசையவிடாத ட்ராவிஸ் சட்டத்துக்குள் நிறுத்தச் சொல்கிறார்கள். பக்கத்தில் ஆள் இல்லாவிட்டால் கால்நடை மருத்துவக் கல்லூரியில் கேளுங்கள். வண்டி வாடகை கொடுத்தாவது போங்கள்.

ஆவணியில் பொலிக்கு, சித்திரையில் சேணம் இறக்கு

அடுத்த தடவை நான் யாரிடமும் யோசனை கேட்கவில்லை. ஸ்கேன் பார்த்தோம், ஒரே வட்டம். அதன் பிறகு ஏழாம் மாதம் முடியும்வரை பவளத்தின் மேல் ஏறினேன். மாதம் நிறைந்து பெண்குட்டி பிறந்தது. இன்றைக்குத் தோப்புக்குள் விட்டால் பிடிக்க முடிவதில்லை, அந்த ஓட்டம் ஓடுகிறது.

குதிரைக்குச் செனைக்காலம் சராசரி 340 நாள். பொலிக்கு விடும் மாதத்தைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் நம் ஊர் வெயிலோடு சண்டை போட வேண்டியதில்லை. நான் தேர்ந்தெடுத்தது ஆவணி. ஆவணியில் செனை பிடித்தால் ஆபத்தான முதல் இரண்டு மாதம் மழைக்காலத்துக்குள் வந்துவிடும். ஐப்பசி முதல் பங்குனி வரை சவாரிக்கு நல்ல காலம். வெயில் ஏறும் சித்திரையில் வயிறும் கனத்துவிடும், சேணம் இறக்கிவிடலாம். ஆடி கடைசியில் குட்டி. மாசியில் பொலிக்கு விடுகிறவர்கள் முதல் இரண்டு மாதத்தைப் பங்குனி, சித்திரை வெயிலில் கொண்டுபோய் வைக்கிறார்கள். வெயிலில் வேலை வாங்கினால் குதிரையின் உள்சூடு ஏறும், கருவுக்கு அது ஆகாது. அமெரிக்காவின் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். கோடையில் தினமும் அரைமணி நேரம் வேலை வாங்கிய குதிரைகளிடமிருந்து, சும்மா நின்ற குதிரைகளைவிடக் குறைவான கருக்களே கிடைத்தன.

முதல் 2 மாதம்: விடிகாலையில் நடை மட்டும். வேர்க்கும் அளவுக்கு எதுவும் வேண்டாம். தூரத்துக்கு வண்டியில் ஏற்றவும் வேண்டாம்.

3 முதல் 5ஆம் மாதம் வரை: செனைக்கு முன் என்ன வேலை செய்து பழகியதோ அதையே செய்யட்டும். நடை, டிராட், ரேவால், நல்ல மண் பாதையில் கொஞ்சம் கேன்டர். புதிதாக எதையும் சொல்லிக்கொடுக்காதீர்கள். இதுவரை சேணமே ஏறாத குதிரையைச் செனையில் பழக்குவது தவறு. தாண்டல், ரேக்ளா, பந்தயம் எதுவும் கூடாது. பன்னாட்டுக் குதிரையேற்றக் கூட்டமைப்பே நாலாம் மாதத்துக்குப் பிறகு செனைக்குதிரையைப் போட்டியில் விடுவதில்லை.

6, 7ஆம் மாதம்: நடையும் மெதுவான டிராட்டும், அரைமணிக்குள். வயிறு அகலும்போது சேணம் பொருந்தாமல் போகும். வார் முன்னால் நழுவி முன்னங்காலுக்குப் பின்னே தோலைத் தேய்க்கும். வாரை இறுக்கி இதைச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். வால்வார் போடுங்கள், அடியில் மெல்லிய துணி மெத்தை மாற்றுங்கள். அப்படியும் பொருந்தாவிட்டால் அன்றோடு சேணத்தை இறக்கிவிடுங்கள், மாதக் கணக்குப் பார்க்க வேண்டாம்.

ஏறுகிறவர் எடையும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது என்பது பொதுவான கணக்கு. 350 கிலோ மார்வாரி என்றால் 70 கிலோ. செனையில் இன்னும் குறைவு நல்லது. 90 கிலோ ஆள் ஏறி உட்கார்ந்துகொண்டு எனக்குப் புத்தி சொல்ல வந்தால் எப்படிக் கேட்பேன்?

சவாரி முடிந்ததும் தாடை எலும்பின் உள்விளிம்பில் விரல் வைத்து நாடி பாருங்கள். ஓய்வில் நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருக்கும். இறங்கிப் பத்து நிமிடத்தில் 60க்குக் கீழே வரவில்லை என்றால் அன்றைய வேலை அதிகம். மறுநாள் பாதியாகக் குறையுங்கள். வயிற்றைத் திரும்பிப் பார்ப்பது, முன்னங்காலால் மண்ணைப் பறிப்பது, பிறப்புறுப்பில் சீழோ ரத்தமோ தெரிவது, மாதம் நிறையாமல் மடி இறங்குவது, இதில் எது தெரிந்தாலும் சவாரி முடிந்தது. டாக்டரைக் கூப்பிடுங்கள். ஏழாம் மாதத்துக்கு மேல் வயிற்றுவலி காட்டினால் கர்ப்பப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். கஷாயம் காய்ச்சிக் கொடுத்துக்கொண்டு நேரத்தைக் கடத்தாதீர்கள்.

கட்டிப்போடுவது பாதுகாப்பு இல்லை

எட்டாம் மாதம் முதல் சேணம் வேண்டாம் என்றால், லாயத்திலேயே கட்டிப்போடுங்கள் என்று அர்த்தம் இல்லை. குட்டியின் எடையில் பாதிக்கு மேல் கடைசி 3 மாதத்தில்தான் ஏறுகிறது. அந்தச் சுமையோடு நாள் முழுக்க ஓரிடத்தில் நின்றால் அடிவயிற்றிலும் கால்களிலும் நீர் கோத்து வீங்கும், குடல் ஓட்டம் மந்தப்பட்டு வயிற்றுவலி வரும், குட்டி தள்ளுவதற்கு வேண்டிய தசை வலுவும் குறையும். எங்கள் உறவினர் ஒருவர் தன் குதிரையை ஐந்தாம் மாதத்திலேயே இரண்டு பக்கமும் கயிறு போட்டுக் கட்டினார். கடைசியில் அடிவயிறு தொப்புளிலிருந்து மடிவரை வீங்கித் தொங்கியது. விரல் வைத்து அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. அவர்தான் என்னை "குதிரை மேல இரக்கம் இல்லாதவ" என்று ஊரெல்லாம் சொன்னவர்.

பகல் முழுக்கத் தோப்பில் அவிழ்த்துவிடுங்கள். தோப்பைச் சுற்றி முள்வேலி இருந்தால் காலையும் மாலையும் அரைமணி நேரம் கையில் பிடித்து நடத்துங்கள். குட்டி போடும் நாள் வரைக்கும் இதை நிறுத்தாதீர்கள்.

இன்னொரு விஷயத்தில் உறுதியாக இருங்கள். மாப்பிள்ளை அழைப்புக்குச் செனைக்குதிரையைக் கேட்பார்கள். என்னிடமும் கேட்டார்கள், நெருங்கிய சொந்தத்தில். ஒரு மணி நேரம்தானே, நடைதானே என்றார்கள். வெடி, பேண்டு செட், ஜெனரேட்டர் லைட், தார்ரோடு, பழக்கமில்லாத ஆள் முதுகில். இதில் எது நடை? மாட்டேன் என்றேன். பெரியப்பா வீட்டோடு இன்றுவரை பேச்சு இல்லை. அது அவர்கள் முடிவு. அதே கேள்வி நாளைக்கு வந்தாலும் அதே பதில்தான்.

மற்றவை, சுருக்கமாக

தீவனம்: ஐந்தாம் மாதம் வரை வழக்கமான அளவு போதும், பிறகு மெல்லக் கூட்டுங்கள். பச்சைச் சோளத்தட்டைச் செனைக்குதிரைக்குப் போடாதீர்கள். பின்கால் தள்ளாட்டம், சிறுநீர்ப்பை நோய் வரும், வயிற்றுக் குட்டியின் மூட்டுகளும் மடங்கிப்போகலாம். கோ-4 புல்லில் ஆக்சலேட் இருப்பதால் கால்சியம் உடம்பில் சேராது. தவிட்டையும் அள்ளிப் போட்டால் நிலைமை இன்னும் மோசமாகும். தாது உப்புக் கலவையை டாக்டரிடம் கேட்டுக் கொடுங்கள்.

தடுப்பூசி: கருச்சிதைவு உண்டாக்கும் ஹெர்பிஸ் வைரஸுக்கு 5, 7, 9ஆம் மாதங்களில். ஹிசாரில் உள்ள தேசியக் குதிரை ஆராய்ச்சி மையம் இதற்கு உள்நாட்டுத் தடுப்பூசியே உருவாக்கியிருக்கிறது. டெட்டனஸ் ஊசி குட்டி போட 4 முதல் 6 வாரம் இருக்கும்போது.

குட்டி போடும்போது: கடைசி மாதத்தில் பின்கால் லாடத்தைக் கழற்றிவிடுங்கள். காம்பு நுனியில் மெழுகுபோலத் திரண்டால் ஓரிரு நாளில் எதிர்பார்க்கலாம். பெரும்பாலும் ராத்திரியில்தான் போடும். பனிக்குடம் உடைந்த பிறகு அரைமணிக்குள் குட்டி வெளியே வந்துவிட வேண்டும். முதலில் வெள்ளைப் பை தெரிந்தால் சரி. சிவப்புப் பை தெரிந்தால் கொடி முன்கூட்டியே பிரிந்துவிட்டது. டாக்டருக்குக் காத்திருக்காமல் அந்தக் கணமே கிழித்துக் குட்டியை வெளியே இழுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் குட்டி எழ வேண்டும், இரண்டு மணிக்குள் பால் குடிக்க வேண்டும், மூன்று மணிக்குள் நஞ்சு விழ வேண்டும்.

தேதி வாங்கிவிட்டுப் பொலிக்கு விடுங்கள்

செனைக்குதிரை மேல் ஏறலாமா என்று என்னிடம் கேட்கிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: ஸ்கேன் பார்த்தீர்களா? பார்த்து, உள்ளே ஒன்றுதான் என்று தெரிந்தால், பழகிய குதிரையை நிதானமாக ஏழாம் மாதம் வரை ஓட்டுங்கள். ஊர் பேசுவதைப் பேசிவிட்டுப் போகட்டும். பார்க்கவில்லை என்றால், ஏறினாலும் ஏறாவிட்டாலும் நீங்கள் சூதாடுகிறீர்கள்.

ஆண்குதிரை பார்க்கப் போகும் முன்பே டாக்டரைப் பார்த்து 15ஆம் நாளுக்குத் தேதி வாங்கிவிடுங்கள். முட்டை வெளிவந்த நாள் தெரியாவிட்டால் கடைசியாகச் சேர்த்த நாளை நோட்டில் எழுதி, அதிலிருந்து எண்ணுங்கள். அந்தத் தேதியில் வர முடியாது என்று டாக்டர் சொன்னால் அந்தப் பருவத்தை விட்டுவிடுங்கள். 21 நாளில் அடுத்தது வரும். தரகர் அவசரப்படுத்துவார். அவருக்குக் கமிஷன் பொலிக்கு விட்ட அன்றைக்கே கைக்கு வந்துவிடும். மீதி 11 மாதமும் காத்திருப்பது நீங்களும் உங்கள் குதிரையும்தான்.